பர்மா லைன் கொடுத்த பவுண்டன்

ஊருணித் தண்ணீருக்கு ஒரு ருசி உண்டு. கேன் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்கப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். நீர்மோர் நிறத்தில் கலங்கலாக வரும் அந்தத் தண்ணீரை மண்பானையில் ஊற்றி, பானையின் உள்பக்கத்தில் "தேத்தாங்கொட்டை"யை அம்மா கரகரவென்று உரசுகிற சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கலங்கல் எல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருக்கும். மொண்டு குடித்தால் முதலில் லேசான மண்வாசனை, பிறகு நாக்கின் அடியில் சின்னத் துவர்ப்பு, விழுங்கியபின் கொஞ்சம் இனிப்பு. குடித்த சொம்பின் அடியில் இரண்டு சொட்டு மிச்சமிருந்தாலும் அம்மா அதைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றுவாள். பெரிய ஆறு ஓடுகிற ஊரில் பிறந்தவள் அவள். இந்தச் சிக்கனம் இங்கே வந்தபிறகு ஒட்டிக்கொண்டது.

இங்கே என்று நான் சொல்வது ஆலங்குடிக்கும் திருவரங்குளத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், பேருந்து நின்று போகிற, வாரச்சந்தை கூடுகிற, கிராமம் என்று சொன்னால் கோபித்துக்கொள்கிற ஒரு சிற்றூர். பெயரைச் சொல்லப்போவதில்லை, நான் ஒன்றைக் கூட்டிச் சொன்னேன், குறைத்துச் சொன்னேன் என்று சண்டைக்கு வர அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். என் அப்பாவும் அம்மாவும் ரங்கூனில் பிறந்தவர்கள். இனி அங்கே இருக்க முடியாது என்று ஆனபோது, கப்பலேறி வந்து முகாமில் சில மாதம் கிடந்து, பிறகு இருபது சொச்சம் குடும்பங்களோடு இந்த ஊரின் கிழக்குக் கோடியில் கட்டித்தரப்பட்ட ஓட்டு வீடுகளில் குடியேறினார்கள். அந்த வரிசைக்கு ஊர் வைத்த பெயர் "பர்மா லைன்". நான் அந்த லைனில் பிறந்தவள், கப்பலையும் பார்த்ததில்லை, பர்மாவையும் பார்த்ததில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் நான் "பர்மாக்காரப் பிள்ளை"தான்.

வீடு கொடுத்தவர்கள் கிணறு வெட்டிக் கொடுக்க மறந்துவிட்டார்கள். வெட்டியிருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது, லைன் இருந்த மேடு முழுக்கச் செம்புராங்கல் பாறை. வந்து இறங்கிய மறுநாள் காலையில் அம்மா ஒரு பித்தளைக் குடத்தோடு போய் ஊருணிக் கரையில் நின்றாள். இறங்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. காவலுக்கு இருந்த கருப்பையா கம்பை ஊன்றிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் குடிதண்ணீர் ஊருணி என்றால் அதற்கு ஒரு காவல்காரர் உண்டு. அறுவடைக்கு வீட்டுக்கு இவ்வளவு நெல் என்று ஊர் அவருக்குக் கொடுக்கும்.

"போன்னு சொல்லப்போறார்னு நெனச்சு நின்னேன்" என்று அம்மா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "செருப்பக் கழட்டிட்டு எறங்கும்மான்னு சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்."

கீழ்ப்படியில் குடத்தை முக்கிக்கொண்டிருந்த சவரியம்மாள் நிமிர்ந்து பார்த்து, "கொடத்தக் கரையிலயே வெளக்கிட்டு வா, உள்ள கால் நனையக் கூடாது" என்று சொல்லி, அம்மாவின் குடத்தை இடுப்பில் ஏற்றிவிட்டார். அவரும் அம்மா வயதுக்காரர், ஆவூர்ப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து கடலைக்காட்டில் மாடாக உழைத்தவர். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் சவரி அத்தை. எல்லா ஊரின் ஊருணியும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதும், இந்த ஊர் அன்றைக்கு ஒரு கேள்விகூடக் கேட்காமல் எங்களை இறங்கவிட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பதும் எனக்கு வயதானபிறகுதான் விளங்கியது. நினைக்கும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றுகிறது.

ஊருணிக்குச் சட்டதிட்டங்கள் இருந்தன. வேப்பமரத்தடியிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, கை அலம்பக் கூடாது. மாடு, வண்டி, இறவை மோட்டார் எதுவும் கரையேறக் கூடாது, மனுசர் இடுப்பிலும் தலையிலும் தூக்கிப்போகிற தண்ணீர்தான் எடுக்கலாம். எடுத்த தண்ணீரைத் திரும்ப ஊருணிக்குள் ஊற்றவே கூடாது, அது எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் சரி. இவை எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. எழுதிவைத்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது என்று அப்பா சொல்வார். எழுதிவைத்திருந்தாலும் நடந்திருக்கும் என்பாள் அம்மா.

லைன் மெல்ல மெல்லக் காலூன்றியது. அப்பா சைக்கிள் கடை போட்டார். மூன்று சாலைகள் கூடுகிற "முக்க"த்தில் அம்மா தள்ளுவண்டியில் அத்தோ விற்றாள். மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்பதைப் பார்த்து முதலில் ஊரே முகத்தைச் சுளித்தது. "பர்மாச் சேமியா" என்று கேலி பண்ணினார்கள். ஒரு வருடத்துக்குள் சந்தை நாளில் அதே சேமியாவுக்கு முண்டியடித்தார்கள்.

எனக்குப் பதினோரு வயதானபோது லைன்காரர்கள் கூடிப் பேசினார்கள். ஏதோ கொஞ்சம் தலைநிமிர்ந்துவிட்டோம், இடம் கொடுத்த ஊருக்கு நம் பேரில் ஒன்று செய்ய வேண்டும் என்பது பேச்சு. ஒருவர் பேருந்து நிழற்குடை என்றார், ஒருவர் பள்ளிக்கு ஒரு அறை என்றார், ஒருவர் மணிக்கூண்டு என்றார். அம்மாதான் "பவுண்டன்" என்றாள். ரங்கூனில் சின்ன வயதில் ஒரு பூங்காவில் பார்த்தாளாம். சாயங்கால வெயிலில் தண்ணீர் எழும்பி விழுவதைப் பார்க்க அவளுடைய அப்பா தோளில் தூக்கி வைத்துக்கொள்வாராம்.

"தண்ணி குடுத்த ஊருக்குத் தண்ணியாவே திருப்பிக் குடுப்போம்" என்றாள்.

அப்பா சும்மா இருப்பாரா? "இங்க குடிக்கிற தண்ணிக்கே வரிசையில நிக்கிறாங்க. ஒங்க அம்மா தண்ணிய ஆகாசத்துக்கு அனுப்பப்போறாளாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஆனாலும் கடைசியில் அம்மா சொன்னதுதான் நின்றது. அவள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள், லைனில் எல்லாருக்கும் அது தெரியும்.

பஞ்சாயத்துப் பிரசிடெண்டு முக்கத்தில் இடம் கொடுத்தார். அங்கேயே ஆழ்துளைக் கிணறு போட்டதில் தண்ணீரும் வந்தது. லைனிலேயே இருந்த கொத்தனார் மாமா மாதக்கணக்கில் வேறு வேலைக்குப் போகாமல் அதைக் கட்டினார். சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர்த் தேரில் முக்கால்வாசி உயரம்; மூன்று அடுக்கு, உச்சியில் தாமரை மொட்டு, அடியில் நாங்கள் பத்துப் பேர் கைகோத்து நின்றாலும் சுற்றி வளைக்க முடியாத தொட்டி. தொட்டியின் நான்கு பக்கமும் வாய் பிளந்த நான்கு சிங்கங்கள். பர்மாவில் கோயில் வாசலில் சிங்கம் நிற்குமாம். மாமா அதை மனதில் வைத்துச் செய்தார், ஆனால் அவர் மனதில் இருந்தது பதினைந்து வருடத்துக்கு முந்திய சிங்கம். ஒன்று சிங்கம், ஒன்று நாய், ஒன்று பன்றி, நான்காவது எங்கள் கணக்கு வாத்தியார் என்று பள்ளிப் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். வாத்தியாரே ஒருநாள் போய் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்தார்.

திறப்பு விழாவைச் சித்திரை முதல் தேதிக்கு வைத்தார்கள். பர்மாவில் அதுதான் தண்ணீர்த் திருநாள். தெரு முழுக்க ஒருவர்மேல் ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி, பழைய வருடத்தின் அழுக்கைக் கழுவிவிட்டுச் சிரிப்பார்களாம். இங்கேயும் அதே நாளில்தான் புதுவருடம் பிறக்கிறது என்பது எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதே நாளில்தான் ஊருணி வற்றிப் படுபாதாளத்துக்குப் போயிருக்கும் என்பது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

பத்திரிகை அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது. விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது மோட்டாரைப் போட்டுப் பார்த்தால் ஆழ்துளைத் தண்ணீர் செக்கச்செவேலென்று செம்மண் குழம்பாக வந்தது. "வெள்ளச் சிமிட்டி மேல இது பட்டுச்சுன்னா ஆயுசுக்கும் கறைதான். ஒரு மாசம் எறச்சு விட்டாத்தான் தெளியும்" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் யாரோ ஒருவர், "ஊருணித் தண்ணி இருக்குல்ல" என்றார். யார் அந்த யாரோ என்று இன்றுவரை தெரியாது; பின்னால் கேட்டபோது ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டினார்கள். ஆனால் "சரி" என்று சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். என் அம்மா.

மறுநாள் மத்தியானம் டிராக்டரில் டேங்கரைக் கொண்டுபோய் ஊருணிக் கரையில் நிறுத்தி, ஆயில் எஞ்சின் வைத்து இழுத்தார்கள். நன்றாகக் கவனியுங்கள், பட்டப்பகலில். திருட்டுத்தனம் என்று நினைத்திருந்தால் இருட்டில் போயிருப்பார்கள். பதினைந்து வருடமாகக் குடிக்கிற தண்ணீர், ஊருக்காகத்தானே எடுக்கிறோம், புதுவருடத் தண்ணீரை யாராவது வேண்டாம் என்பார்களா என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். எஞ்சின் சத்தம் கேட்டதும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த கருப்பையா எழுந்தார். அப்பா அவரைப் பார்த்துச் சிரித்து, "பவுண்டனுக்குண்ணே" என்றார். அவர் கையிலிருந்த கம்பைக் கரையில் படுக்கப் போட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். சரி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறார் என்றுதான் எங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் தொட்டி நிறைந்துவிட்டது. ஊருணியில் புதிதாக இரண்டு படி வெளியே தெரிந்தது.

மறுநாள் காலையில் அம்மாவின் தள்ளுவண்டிக்கு ஒருவரும் வரவில்லை. அன்றைக்குச் சந்தை நாள். முக்கத்தைத் தாண்டிப் போனவர்கள் பவுண்டனையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. ஊருணிக்குப் போன லைன் பெண்களை ஒருவரும் தடுக்கவில்லை, ஆனால் அவர்கள் இறங்கியதும் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குடத்தோடு மேலே ஏறிவிட்டார்கள். கருப்பையா வரவே இல்லை. கம்பு போட்ட இடத்திலேயே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் முழுப்பரீட்சை. என் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வருடமாகப் புளியங்காய் பங்குபோட்ட செல்வி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, "எங்க ஆத்தா ஒங்கூடப் பேசக் கூடாதுன்னுருக்கு" என்றாள். ஏன் என்று கேட்டேன். "நாங்க குடத்துல மொள்ளுறதுக்கே அளந்து மொள்ளுறோம். நீங்க வண்டி வச்சு அள்ளிட்டீங்க" என்றாள். அன்றைக்கு எழுதிய பரீட்சையில் நான் என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை.

மத்தியானம் பிரசிடெண்டு லைனுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "ஏம்மா, நீங்க நல்லதத்தான் நெனச்சீங்க, அது எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு ரிப்பன் வெட்ட நான் வந்தேன்னா இந்த ஊருல நான் தலகாட்ட முடியாது" என்றார். அவர் போனபிறகு அப்பா, "ஒரு மாசம் கழிச்சு வச்சிருக்கலாம்" என்று மெல்லச் சொன்னார். அம்மா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அம்மா அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அவள் அழவில்லை. "கப்பல்ல ஏறும்போதுகூட எனக்கு இப்படி வெக்கமா இல்ல. அங்க வேணாம்னு அனுப்புனாங்க, வந்தோம். இங்க வான்னு சொன்னவங்க முகத்துல கரியப் பூசிட்டேனே" என்றாள்.

பதினோரு வயதில் எனக்கு எல்லாம் விளங்கவில்லை, ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக விளங்கியது. மறுபடியும் நாங்கள் வெளியாட்களாகிவிடுவோம். குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், வீடு இருக்கும், அத்தோகூட ஒரு மாதத்தில் விற்க ஆரம்பித்துவிடும். ஆனால் இனி என்றைக்கும் நாங்கள் வந்தவர்கள், அவர்கள் ஊர்க்காரர்கள்.

வெயில் தாழ்ந்ததும் அம்மா எழுந்தாள். ரங்கூனிலிருந்து கொண்டுவந்த அதே பித்தளைக் குடத்தை எடுத்தாள். எனக்கு ஒரு சின்ன எவர்சில்வர் குடம். முக்கத்துக்குப் போய்த் தொட்டியில் முக்கி இடுப்பில் ஏற்றினாள். எங்கே என்று கேட்டேன். "எடுத்த எடத்துலயே ஊத்திருவோம்" என்றாள். எங்களைப் பார்த்து லைனிலிருந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். ஊருணி அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும். சந்தை கலைகிற நேரம். மொத்த ஊரும் வேடிக்கை பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக நடந்தோம்.

வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் படியில் அம்மா கால் வைத்தபோது கீழேயிருந்து சவரி அத்தை விறுவிறுவென்று ஏறிவந்து குறுக்கே நின்றார்.

"என்ன செய்யப்போற?"

"திருப்பி ஊத்தப்போறேன் சவரி. தப்புப் பண்ணிட்டோம்."

"ஊத்தாத." கையை நீட்டிக் குடத்தின் வாயைப் பொத்திக்கொண்டார். "எடுத்த தண்ணிய இதுல ஊத்தக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா? பதினஞ்சு வருசமா இந்தப் படியில ஏறி எறங்குற. வண்டி கரையேறக் கூடாதுன்னு தெரியாதா? நேத்து வந்தவளா நீ? இத்தன வருசம் ஒன்னய யாரும் ஒண்ணும் சொல்லாம நான் பாத்துக்கிட்டேன்ல, ஒனக்கு எல்லாம் தெரியும்னுதானே இருந்தேன். புத்தி எங்க போச்சு ஒனக்கு?"

அத்தைக்கு மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் நிறுத்தவில்லை. நான் இங்கே எழுத முடியாத இரண்டு மூன்று வார்த்தைகளும் வந்தன. அம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடி அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றாள். எனக்கு அத்தைமேல் கோபமான கோபம்.

கடைசியில் அம்மா, "ஊத்தவும் கூடாதுன்னா நான் என்னதான் செய்யட்டும், நீயே சொல்லு" என்றாள்.

"குடிக்கணும்" என்றார் அத்தை. "ஊருணியில தண்ணி எடுக்குறது எதுக்கு? குடிக்கத்தானே. எடுத்தாச்சு, குடிச்சுத் தீருங்க. ஒங்களால குடிச்சுத் தீக்க முடியாட்டி நாங்க வாரோம்."

சொல்லிவிட்டு, மொண்டு வைத்திருந்த தன் குடத்தைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தார். வீட்டுக்குப் போய் வேறொரு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு நேராக முக்கத்துக்கு நடந்தார். நாங்களும் தண்ணீர்க் குடங்களைச் சுமந்துகொண்டு பின்னாலேயே திரும்பினோம். பவுண்டன் தொட்டியில் அத்தை தன் குடத்தை முக்கித் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். அது போதும். அவர் வாய்க்கு ஊரில் எல்லாரும் கொஞ்சம் பயப்படுவார்கள்.

மறுநாள் புதுவருடம். பத்திரிகையில் போட்ட நேரத்துக்கு முக்கத்தில் ஊரே வந்து நின்றது. ஒவ்வொருவர் கையிலும் குடம், பானை, தவலை. ஆண்கள்கூடச் சைக்கிளில் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பிரசிடெண்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டிலிருந்து ஒரு செப்புக்குடத்தோடு வந்தார். ரிப்பன் வெட்டியதும் முதல் குடத்தை அவரே முக்கினார். தண்ணீர் எழும்பவும் இல்லை, விழவும் இல்லை; சிங்கங்கள் வெறுமனே வாயைப் பிளந்துகொண்டு நின்றன. எங்கிருந்தோ கருப்பையா வந்துவிட்டார், கையில் கம்பு. கூட்டத்தை வரிசைப்படுத்தி, "செருப்பக் கழட்டிட்டு வாங்க, செருப்பக் கழட்டிட்டு" என்று அதட்டினார். நடுச்சாலையில் செருப்பைக் கழற்றச் சொன்னால் வெயிலில் கால் கொப்பளிக்காதா? ஆனாலும் எல்லாரும் கழற்றினார்கள். உச்சிவேளைக்குள் தொட்டி காலி. கடைசியில் அடியில் நின்ற கொஞ்சத்தைச் செல்வியும் நானும் சொம்பால் வழித்து எடுத்தோம். அவள் ஆத்தா பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம், சவரி அத்தை இப்படி எல்லார் முன்னாலும் திட்டலாமா என்று கேட்டேன். அம்மா அத்தோவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தாள். "பாவம், வந்த சனம், தெரியாமச் செஞ்சுட்டாங்கன்னு சொல்லி மன்னிச்சிருந்தா நான் செத்திருப்பேன்டி. ஒனக்குத் தெரியாதான்னு கேட்டாளே, அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவளுக்குக் காலம்பூரா கடமப்பட்டிருக்கேன்" என்றாள். வேறெங்கும் இப்படி ஒரு நன்றியை நான் கேட்டதில்லை. திட்டு வாங்கியதற்கு நன்றி சொல்ல அம்மாவால்தான் முடியும்.

ஒரு மாதம் கழித்து ஆழ்துளைத் தண்ணீர் தெளிந்தது. கொத்தனார் மாமா சிங்கங்களுக்குக் கீழே ஆளுக்கொரு குழாய் வைத்துக் கொடுத்தார். சந்தை நாள் சாயங்காலம் மட்டும் அரைமணி நேரம் பவுண்டன் எழும்பும். தாமரை மொட்டிலிருந்து சீறிக்கொண்டு மேலே போய், அடுக்கடுக்காகச் சரிந்து, காற்றடித்தால் பேருந்துக்கு நிற்பவர்கள் முகத்தில் தூவானமாகத் தெறிக்கும். வாத்தியார் சிங்கத்தின் வாயிலிருந்து மட்டும் தண்ணீர் ஒரு பக்கமாகக் கோணி விழும். மற்ற நாளெல்லாம் அது வெறும் குடிதண்ணீர்க் குழாய். பொன்னமராவதிப் பக்கமிருந்து வருகிற லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தித் தூக்குவாளியை நிரப்பிக்கொண்டு போவார்கள். மழை பொய்த்து ஊருணி வறண்ட இரண்டு கோடையிலும் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது அந்த நான்கு சிங்கம்தான். கருப்பையா இரண்டு இடத்துக்கும் காவலானார், நெல்லைக் கூட்டிக் கேட்கவில்லை. பவுண்டனில் கால் கழுவியவனை அவர் கம்போடு துரத்தியதை நானே பார்த்திருக்கிறேன். நான் பெரியவளாகி, கல்லூரிக்குப் பேருந்து ஏறியதெல்லாம் அந்தத் தூவானத்தில் நனைந்துகொண்டுதான்.

பிறகு லைன் கரைந்தது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள், பெற்றவர்கள் பிள்ளைகளோடு போனார்கள். நான் ஆசிரியையாகித் திருச்சியில் தங்கிவிட்டேன். அப்பா, அம்மா, சவரி அத்தை, கருப்பையா, கொத்தனார் மாமா ஒருவரும் இன்று இல்லை. தொட்டிச் சுவரில் "பர்மா லைன் மக்கள் அன்பளிப்பு" என்று பதித்திருந்த கல்மேல் வருடா வருடம் வெள்ளையடித்து, சுவரொட்டி ஒட்டி, எழுத்தே தெரியாமல் போனது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அம்மா இருந்தவரை அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

சாலையை அகலப்படுத்துகிறார்கள், பவுண்டனை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போன தை மாதம் அத்தையின் பேத்தி கல்யாணத்துக்குப் போனபோதுதான் நேரில் பார்த்தேன். முக்கமே இல்லை. நான்குவழிச் சாலை, நடுவில் அரளிச்செடி, எந்த இடத்தில் சிங்கம் நின்றது என்று என்னால் குறி சொல்ல முடியவில்லை. ஊருணியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறது, யாரும் அதில் தண்ணீர் எடுப்பதில்லை. சாலையோரம் ஒரு ஜூஸ் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு, கடைக்காரப் பெண்ணிடம், இருபத்தைந்து வயது இருக்கும், இங்கே ஒரு பவுண்டன் இருந்ததே என்று கேட்டேன்.

"ஆமாங்க, பெரிய பவுண்டன்" என்றது அந்தப் பெண். "எங்க ஊருச் சனம் கட்டுனதுங்க. தண்ணியே இல்லாத காலத்துல வீட்டுக்கு ஒரு கொடம் ஊருணியிலேர்ந்து சொமந்தாந்து ஊத்தித்தான் அதத் தொறந்தாங்களாம். இடிக்க வந்தப்ப எங்க அப்பாவெல்லாம் மெசினுக்கு முன்னால ஒக்காந்துட்டாங்க. பொம்பளைங்க பூராம் கொடத்தோட வந்து நின்னாங்க. ரெண்டு நாள் வேலையே நடக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் எடுத்துட்டாங்க. எங்க அப்பா அன்னைக்குச் சாப்புடலங்க."

முப்பது வருடம் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மை போட்டவள் நான். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பிழை இருந்தால்கூட அழைக்க வந்தவர்களிடமே சொல்லிவிடுவேன். பர்மா என்ற பேச்சே இல்லாமல், நிறைத்ததையும் இறைத்ததையும் தலைகீழாக்கி அந்தப் பெண் சொன்னதைக் கேட்டுத் திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தப் பெண்ணின் அப்பா பட்டினி கிடந்தார் என்பது எனக்கு உறைத்தது. எவரோ கொடுத்த பொருள் போனதற்கு ஒரு மனிதர் பட்டினி கிடக்கமாட்டார். அம்மா இதைக் கேட்க உயிரோடு இல்லையே என்று வருத்தமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

"ஆமாம்மா, ஊருச் சனம் கட்டுனதுதான்" என்றேன். அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.